ராத்திரி, போன், பிள்ளைகளின் தூக்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் ஆசிரியை. பதினொன்றாம் வகுப்புக்கு வகுப்பாசிரியையும்கூட. பெற்றோர் கூட்டம் என்றால் முன்பெல்லாம் மார்க், லீவு, டியூஷன் என்று பேச்சு போகும். இப்போது உட்கார்ந்ததும் முதல் பேச்சே போன்தான். ஒரே சந்தேகத்தைப் பத்துப் பேர் பத்து விதமாகக் கேட்டதால் ஒரு நோட்டில் எழுதி வைக்க ஆரம்பித்தேன். அதிலிருந்து எடுத்தவை இவை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். சில கேள்விகள் பிள்ளைகள் கேட்டவை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சோஷியல் மீடியா நல்லதா, கெட்டதா என்ற வாதத்தில் இறங்கினால் வீட்டில் சண்டைதான் மிஞ்சும். பிள்ளையின் ராத்திரித் தூக்கத்தை முதலில் மீட்டுவிட்டு மற்றதைப் பேசுங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். காரணம் கீழே வருகிறது.

"பத்தாவது படிக்கிற பையனுக்கு ஆறு மணி நேரத் தூக்கம் போதாதா டீச்சர்? நாங்கெல்லாம் அப்படித்தானே வளர்ந்தோம்?"

போதாது. 13 முதல் 18 வயது வரை தினமும் 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-ல் வெளியிட்ட பரிந்துரை. காலை ஐந்தரைக்கு எழ வேண்டிய பிள்ளை, குறைந்த கணக்குக்கே ஒன்பதரைக்குத் தூங்கியிருக்க வேண்டும். இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினால் வகுப்பே சிரிக்கிறது.

நாம் ஆறு மணி நேரம் தூங்கி வளர்ந்தோம் என்பதையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கரண்ட் போனால் எட்டரைக்கே மொட்டை மாடியில் பாய் விரித்தவர்கள் நாம். பகலில் படித்தது மூளையில் பதிந்து நிற்பது தூக்கத்தில்தான். வளர்ச்சி ஹார்மோன் அதிகம் சுரப்பதும் ஆழ்ந்த தூக்கத்தில்தான். அது குறைந்தால் பிள்ளை மறப்பான், எரிந்து விழுவான், முதல் பீரியடில் சாமியாடுவான். நாம் அவனுக்குச் சோம்பேறி என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

"சீக்கிரம் படுன்னா தூக்கமே வரலைங்கிறான். பொய்தானே சொல்றான்?"

பொய் இல்லை. வயதுக்கு வரும் பருவத்தில் உடம்பின் உள்கடிகாரமே பின்னால் தள்ளிப் போகிறது. தூங்கும் நேரம் வந்துவிட்டது என்று உடம்புக்குச் சொல்லும் மெலடோனின், சின்ன வயதில் சுரந்ததைவிட ஒன்றிரண்டு மணி நேரம் தாமதமாகச் சுரக்க ஆரம்பிக்கும். அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் மேரி கார்ஸ்கடன் என்ற ஆய்வாளர் பல ஆண்டுகள் ஆராய்ந்தது இதைத்தான். ஒன்பது மணிக்கு நமக்குக் கண் சொக்கும்போது அவனுக்கு அப்போதுதான் பளிச்சென்று இருக்கும்.

இயற்கை ஏற்கெனவே பத்தரை, பதினொன்றுக்குத் தள்ளிவிட்ட தூக்கத்தைப் போன் இன்னும் தள்ளி ஒரு மணிக்குக் கொண்டு போகிறது. காலை டியூஷனும் ஸ்கூல் வேனும் அதற்காகக் காத்திருப்பதில்லை. நடுவில் அடிபடுவது தூக்கம். அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் காலை 7.50-க்குத் தொடங்கிய உயர்நிலைப் பள்ளிகளை 2016-ல் 8.45-க்கு மாற்றினார்கள். பிள்ளைகள் முன்பைவிட 34 நிமிடம் கூடுதலாகத் தூங்கியது தெரிந்தது. பயந்த மாதிரி அந்த நேரத்தை ராத்திரி கூடுதலாக விழித்திருந்து வீணாக்கவில்லை. காலை ஐந்து மணிக்கு டியூஷன் வைக்கிறவர்கள் இதை ஒரு தடவையாவது யோசித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

"போன் வெளிச்சம்தான் தூக்கத்தைக் கெடுக்குதாம். நைட் மோட் போட்டுட்டா சரியாகிடும்ல?"

வெளிச்சத்துக்கும் பங்கு உண்டு. நம் கண்ணுக்குள், பார்ப்பதற்காக இல்லாமல் வெளிச்சத்தின் அளவை மூளைக்குச் சொல்வதற்கென்றே சில செல்கள் இருக்கின்றன. நீலம் கலந்த வெளிச்சம் பட்டால், இன்னும் பொழுது சாயவில்லை என்று அவை சொல்லும். மெலடோனின் தள்ளிப் போகும். பாஸ்டனில் ஒரு மருத்துவமனையில் 12 பேரைப் படுப்பதற்கு முன் நாலு மணி நேரம், ஐந்து இரவுகள் தொடர்ந்து திரையில் படிக்க வைத்தார்கள். அச்சுப் புத்தகம் படித்த இரவுகளைவிட அவர்களுக்குத் தூக்கம் வரப் பத்து நிமிடம்போலக் கூடுதலாக ஆனது.

எனக்கு அந்தப் பத்து நிமிடம்தான் முக்கியமாகப் படுகிறது. நாலு மணி நேர வெளிச்சம் கெடுத்தது பத்து நிமிடம் என்றால், நம் பிள்ளைகள் இழக்கும் இரண்டு மணி நேரத்துக்கு வெளிச்சத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. திரையில் என்ன ஓடுகிறது, மனதை அது எவ்வளவு கிளறிவிடுகிறது, எப்போது நிற்கிறது என்பதுதான் பெரிய விஷயம். நைட் மோட் போடுங்கள், கெடுதல் இல்லை. ஆனால் தோழியோடு சண்டை போட்டு மெசேஜ் அனுப்பிக்கொண்டிருப்பவளுக்குத் திரை மஞ்சளாக இருந்தால் என்ன, நீலமாக இருந்தால் என்ன?

"பத்து நிமிஷம்தான்னு எடுக்குறேன் டீச்சர். நிமிந்து பாத்தா மணி ஒண்ணு. எனக்கு மனக்கட்டுப்பாடு இல்லையா?"

இது ஒரு மாணவி கேட்டது. கேட்கும்போதே கண் கலங்கிவிட்டாள். உன் கட்டுப்பாட்டில் குறை இல்லையம்மா, அந்த ஆப் அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது என்று அவளிடம் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். முன்பு ஒரு பக்கம் முடிந்தால் அடுத்த பக்கத்தை நாம் தட்ட வேண்டும். அந்த இடத்தில் ஒரு நொடி நிற்போம், போதும் என்று தோன்றும். 2006-ல் ஏசா ரஸ்கின் என்ற வடிவமைப்பாளர் முடிவே இல்லாமல் தள்ளிக்கொண்டே போகும் முறையைக் கொண்டுவந்தார். பின்னாளில் அதற்காக அவரே வருத்தம் தெரிவித்தார். கூடவே, அடுத்த ரீல் நன்றாக இருக்குமா இல்லையா என்பது முன்கூட்டித் தெரியாது. நாலு சுமாராக வந்து ஐந்தாவது பிரமாதமாக வரும். எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுக்குத்தான் மூளை அதிகம் ஏங்கும். லாட்டரிச் சீட்டில் பணத்தை விட்ட குடும்பங்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நம் ஊருக்கென்று இன்னொரு காரணமும் இருக்கிறது. பல வீடுகளில் தினம் 1.5 ஜிபி, 2 ஜிபி என்று அளவு வைத்த பேக்தான். சாயங்காலமே டேட்டா தீர்ந்துவிடும், ராத்திரி 12 மணிக்குப் புதுக் கணக்கு தொடங்கும். ஒரு மாணவன் என்னிடம் சொன்னான்: "பதினொன்னே முக்காலுக்கு நல்லாத் தூக்கம் வந்துச்சு டீச்சர். இன்னும் கால் மணி நேரம்தானேன்னு போய் மூஞ்சி கழுவிட்டு வந்தேன்." தானாக வந்த தூக்கத்தைத் தண்ணீர் ஊற்றி விரட்டியிருக்கிறான். அதைக் கேட்ட நாளிலிருந்து எந்த வீட்டுக்கும் நான் சொல்லும் முதல் யோசனை: ராத்திரி 12 மணிக்குப் போன் பிள்ளை கையில் இருக்கக் கூடாது.

"சைலன்ட்ல போட்டுத் தலகாணிக்கு அடியில வெச்சுக்கிட்டா பரவாயில்லையா?"

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். சத்தம் வராவிட்டாலும் 'யாராவது பதில் போட்டிருப்பாங்களோ' என்ற நினைப்பு அணையாது. நடுராத்திரியில் லேசாக முழிப்பு வருவது எல்லோருக்கும் உண்டு. புரண்டு படுத்தால் மறுபடி தூங்கிவிடுவோம். அந்த நேரம் கைக்கெட்டும் தூரத்தில் போன் இருந்தால் கை தானாகப் போகும். அமெரிக்காவில் காமன் சென்ஸ் மீடியா என்ற அமைப்பு 2023-ல் சுமார் 200 பிள்ளைகளின் போன்களை அவர்கள் சம்மதத்தோடு கண்காணித்தது. பள்ளி நாட்களிலேயே நள்ளிரவு 12-க்கும் அதிகாலை 5-க்கும் இடையில் போனைத் தொட்டவர்கள் 59 சதவீதம்.

போன் வேறு அறையில் சார்ஜ் ஏறட்டும். ஒரே அறை வீடு என்றால் பெற்றோர் தலைமாட்டில், இல்லாவிட்டால் சமையல் மேடையில். "அலாரம் வைக்கப் போன் வேணுமே" என்பார்கள். பஜாரில் சின்ன அலாரக் கடிகாரம் இன்னும் விற்கிறார்கள். வாங்கிக் கொடுங்கள்.

"இதெல்லாம் சிட்டிப் பிள்ளைங்க வியாதி டீச்சர். நம்ம பக்கம் அவ்வளவு இருக்காதுல்ல?"

இருக்கிறது. கிராமப்புற இந்தியாவில் எடுக்கப்பட்ட 2024-ஆம் ஆண்டு ஏசர் (ASER) என்ற கல்விக் கணக்கெடுப்பின்படி 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளில் 82 சதவீதம் பேருக்கு ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரியும். அவர்களில் முந்தைய ஒரு வாரத்தில் படிப்புக்காகப் போன் எடுத்தவர்கள் 57 சதவீதம், சோஷியல் மீடியாவுக்காக எடுத்தவர்கள் 76 சதவீதம்.

"சரி, இன்ஸ்டாகிராம் பாத்தா டிப்ரஷன் வருமா, வராதா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

ஒரே வார்த்தையில் சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் இரண்டு பக்கமும் பெரிய ஆய்வுகள் இருக்கின்றன. தினம் 3 மணி நேரத்துக்கு மேல் சோஷியல் மீடியாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு மனச்சோர்வு, பதற்றம் போன்றவை வரும் ஆபத்து இரண்டு மடங்கு என்று 2023 மே மாதம் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் விவேக் மூர்த்தி எச்சரித்தார். மறுபக்கம், இங்கிலாந்தைச் சேர்ந்த ஏமி ஆர்பென், ஆண்ட்ரூ பிரசிபில்ஸ்கி இருவரும் மூன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளின் தகவல்களை அலசி 2019-ல் எழுதினார்கள். பிள்ளைக்குப் பிள்ளை மனநலம் வேறுபடுவதில் திரைக்கும் போனுக்கும் உள்ள பங்கு அதிகபட்சம் 0.4 சதவீதம் என்றது அவர்கள் கணக்கு.

இரண்டும் ஒன்றையொன்று வெட்டுவது போலத் தெரியும். மாவட்டத்தின் சராசரி மழை நன்றாக இருக்கும் வருஷத்திலேயே நம் ஊர்க் கண்மாய் காய்ந்து கிடப்பதில்லையா? அதுபோல லட்சம் பிள்ளைகளின் சராசரியில் ஒன்றும் தெரியாவிட்டாலும், ஒரு பிள்ளைக்கு அது கடுமையாக இருக்கலாம். ஆகவே எத்தனை மணி நேரம் என்பதோடு, எந்தப் பிள்ளை, என்ன பார்க்கிறது, அதனால் எதை இழக்கிறது என்றும் கேட்க வேண்டும்.

அந்தக் கடைசிக் கேள்விக்கு எனக்குக் கிடைத்த நல்ல பதில் இங்கிலாந்தில் இருந்துதான் வந்தது. 13 முதல் 16 வயது வரையான பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2019-ல் வெளியானது. அடிக்கடி சோஷியல் மீடியா பார்க்கும் பெண் பிள்ளைகளுக்கு வந்த மன வேதனையில் பெரும்பகுதிக்கு மூன்று காரணங்கள் தெரிந்தன: தூக்கம் குறைந்தது, ஓடியாடுவது குறைந்தது, இணையத்தில் கேலிக்கும் மிரட்டலுக்கும் ஆளானது. ஆண் பிள்ளைகளிடம் இந்த மூன்றும் சேர்ந்தே சிறு பங்குதான். அவர்களுக்குக் காரணங்கள் வேறு. தூக்கத்தை முதலில் மீட்டெடுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இந்த ஆய்வு ஒரு காரணம். இந்த மூன்றில் பெற்றோரால் இன்று ராத்திரியே தொடங்க முடிந்தது அதுதான்.

"தூக்கம் கெட்டதால மனசு கெடுதா, மனசு சரியில்லாததால தூக்கம் வரலையா?"

இரண்டும். தூங்காத பிள்ளைக்குச் சின்னச் சொல்லும் முள்ளாகக் குத்தும். மனதில் பாரம் இருக்கும் பிள்ளைக்கு விளக்கணைத்ததும் நினைப்புகள் வரிசை கட்டி வரும். அந்த நினைப்பிலிருந்து தப்பிக்கத்தான் பலர் போனை எடுக்கிறார்கள். அதனால் ஒரு மணி வரை போன் பார்க்கும் பிள்ளையிடம் 'ஏன் பார்க்கிற?' என்று அதட்டாமல், 'தூக்கம் வராதப்போ மனசுல என்ன ஓடுது?' என்று ஒரு நாள் கேளுங்கள். பதில் உடனே வராது. இரண்டு மூன்று நாள் கழித்து, காய் நறுக்கும்போதோ வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போதோ வரும்.

"எம் பொண்ணு எந்நேரமும் கண்ணாடி முன்னாடியே நிக்கிறா, கருப்பா இருக்கேன்னு அழுவுறா. ரீல்ஸ்தான் காரணமா?"

கருப்பு என்று சொல்லி நோகடிப்பது போன் வருவதற்கு முன்பே நம் வீடுகளில் இருந்தது. அதை மறைக்க வேண்டாம். போன் அதை ஓயாமல் செய்கிறது. பில்டர் போட்டு வெளுத்த முகங்களை நூறு முறை பார்த்தபின் சொந்த முகம் தப்பாகத் தெரிகிறது. இன்ஸ்டாகிராம் வைத்திருக்கும் நிறுவனத்தின் உள் ஆய்வே, பதின்வயதுப் பெண்களில் மூவரில் ஒருவருக்குத் தன் உடம்பைப் பற்றிய வருத்தத்தை நாம் அதிகமாக்குகிறோம் என்று ஒப்புக்கொண்டிருந்தது. அங்கே வேலை பார்த்த பிரான்சஸ் ஹாகன் 2021-ல் அந்த ஆவணங்களை வெளியே கொண்டுவந்தார்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அழ வைக்கும் கணக்குகளை அவள் கையாலேயே நீக்கச் சொல்லுங்கள். சில நாளில் வரும் வீடியோக்கள் மாறும். கல்யாண வீட்டில் யாராவது அவள் நிறத்தைப் பற்றிப் பேசினால் அங்கேயே, அவள் காதுபடவே மறுத்துச் சொல்லுங்கள்.

"பாடமே வாட்ஸப் குரூப்லதான் வருது. அப்புறம் எப்படிப் போனை வாங்கி வைக்கிறது?"

நியாயமான கேள்வி. தவறு எங்கள் பக்கமும் உண்டு. ராத்திரி பத்து மணிக்கு 'நாளைக்கு டெஸ்ட்' என்று நானே போட்டிருக்கிறேன். இப்போது ஏழு மணிக்கு மேல் எதுவும் அனுப்புவதில்லை; மறந்தால் மறுநாள் வகுப்பில் சொல்கிறேன். உங்கள் பிள்ளையின் ஆசிரியரிடமும் இதைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். வீட்டுப்பாடத்தை ஏழு மணிக்கு ஒரு தாளில் எழுதிக்கொண்டால், அதன்பின் பாடத்துக்குப் போன் தேவைப்படாது.

"பேசாம போனைப் பிடுங்கி பீரோவுல பூட்டிட்டா?"

இரண்டு நாள் வீடு அமைதியாக இருக்கும். மூன்றாம் நாள் பாட்டி போன், நண்பன் போன், ஒளித்து வைத்த பழைய போன் என்று வேறு வழி பிறக்கும். அதைவிடப் பெரிய நஷ்டம், அவனுக்கு இணையத்தில் ஏதாவது ஆபத்து வந்தால் உங்களிடம் சொல்ல மாட்டான். சொன்னால் போன் போய்விடுமே என்ற பயம்தான். புகைப்படத்தை வைத்து மிரட்டல் வந்து, பல நாள் தூங்காமல் கிடந்த ஒரு பிள்ளையை எனக்குத் தெரியும். மிரட்டியவனைவிட அப்பாவுக்குத்தான் அவன் அதிகம் பயந்தான். அப்படி ஏதாவது நடந்தால் எதையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். பிள்ளையைத் திட்டுவதைத் தள்ளிப் போடுங்கள்.

பூட்டுவதற்குப் பதில் நேரம் பேசி முடிவு செய்யுங்கள். ஒன்பதரை என்றால் ஒன்பதரை, வீட்டில் எல்லோருக்கும். இன்ஸ்டாகிராமில் பதின்வயதினர் கணக்குக்கு ராத்திரி 10 முதல் காலை 7 வரை அறிவிப்புகள் தானாக நின்றுவிடும். ஆனால் பிள்ளை பிறந்த வருஷத்தை மாற்றிக் கொடுத்திருந்தால் அது வேலை செய்யாது. அதை முதலில் சரிபாருங்கள்.

"எங்கம்மாவே பதினொரு மணி வரைக்கும் ரீல்ஸ் பாக்குறாங்க. எனக்கு மட்டும் ஏன் டீச்சர்?"

இதைக் கேட்ட பையனிடம் எனக்குப் பதில் இல்லை. அவன் அம்மாவிடம் அப்படியே சொன்னேன். அவரும் யோசித்துவிட்டு, "நாள் பூரா வேலை, அந்த ஒரு மணி நேரம்தான் எனக்குன்னு கிடைக்குது" என்றார். அதுவும் உண்மை. இப்போது அந்த வீட்டில் இரண்டு போனும் ஒரே பிளக் பாயின்ட்டில் ஒன்பதே முக்காலுக்கு ஏறுகிறதாம். அம்மாவுக்கான நேரத்தைச் சாயங்காலத்துக்கு மாற்ற, பாத்திரம் கழுவும் வேலையை மகன் எடுத்துக்கொண்டான்.

"ஞாயித்துக்கிழமை பன்னெண்டு மணி வரைக்கும் தூங்குறான். எழுப்பலாமா?"

வாரம் முழுக்கக் கடன் வைத்த தூக்கம் அது. ஒன்றிரண்டு மணி நேரம் கூடுதலாக விடுங்கள். மதியம் வரை விட்டால் அன்று ராத்திரி தூக்கம் வராது, திங்கட்கிழமை காலை இன்னும் மோசமாகும். எழுப்பியதும் வெயில் படும் இடத்தில் கொஞ்ச நேரம் நிற்க வையுங்கள். உள்கடிகாரத்தை முன்னால் இழுக்கக் காலை வெளிச்சம் போல வேறு இல்லை. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் டீ, காபி வேண்டாம்.

"தூக்கத்துக்கு மெலடோனின் மாத்திரை விக்குதாமே, வாங்கிக் கொடுக்கவா?"

டாக்டர் சொல்லாமல் கொடுக்காதீர்கள். மற்ற வழிகளைச் செய்து பார்த்தபின் பேச வேண்டியது அது.

"ஆஸ்திரேலியாவுல தடையே பண்ணிட்டாங்களாமே. இங்கயும் பண்ணா நிம்மதியா இருக்கும்ல?"

ஆமாம், 16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் சோஷியல் மீடியா கணக்கு வைக்க முடியாதபடி அங்கே 2024 நவம்பரில் சட்டம் நிறைவேறி, 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது. நம் நாட்டில் 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தகவல்களைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. நிறுவனங்களைச் சட்டம் கேள்வி கேட்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நாலாவது கேள்வியில் சொன்ன மாதிரி, முடிவே இல்லாத ஒன்றைக் கட்டிவிட்டுக் குழந்தையிடம் கட்டுப்பாடு கேட்பது அநியாயம். ஆனால் சட்டம் வரும்வரை இன்றைய ராத்திரி நம் வீட்டில்தான் இருக்கிறது.

"எப்போ டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்?"

இரண்டு வாரத்துக்கு மேல் முகம் வாடியே இருந்தால், பிடித்த விளையாட்டும் சாப்பாடும் வேண்டாம் என்றால், நண்பர்களை விட்டு ஒதுங்கினால், போனை வாங்கி வைத்த பிறகும் தூக்கம் வராவிட்டால், உடம்பில் கீறல்கள் தெரிந்தால் தாமதிக்க வேண்டாம். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும். வெளியே போகத் தயக்கமாக இருந்தால் முதலில் 14416-ஐக் கூப்பிடுங்கள். அது மத்திய அரசின் டெலி மானஸ் சேவை. 2022 அக்டோபரில் தொடங்கியது, கட்டணம் இல்லை, ராத்திரியிலும் தமிழில் பேசலாம்.

"என் ஃபிரெண்டு ராத்திரி ரெண்டு மணிக்கு 'வாழவே பிடிக்கல'ன்னு மெசேஜ் போடுறா. நானும் போனை ஆஃப் பண்ணிட்டா அவளுக்கு யார் டீச்சர் இருக்கா?"

என் நோட்டிலேயே கனமான கேள்வி இது. கேட்ட பெண் மூன்று வாரமாக ராத்திரி ராத்திரியாக விழித்திருந்து தோழிக்குப் பதில் போட்டிருக்கிறாள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் வேறு. வகுப்பில் அவள் தூங்கி விழுந்ததற்கு நான் இரண்டு தடவை திட்டியிருக்கிறேன்.

இப்படி மெசேஜ் வந்தால் அதை நிஜமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். 'சாகணும்னு நினைக்கிறியா?' என்று நேராகக் கேட்கலாம்; கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அப்புறம் அந்தச் சத்தியத்தை உடைத்து அன்றே, ராத்திரி என்றாலும் எழுப்பியாவது, ஒரு பெரியவரிடம் சொல்ல வேண்டும். அம்மா, அப்பா, சித்தி, டீச்சர், யாரானாலும் சரி. மேலே சொன்ன 14416-ஐ அவளும் கூப்பிடலாம், நீயும் கூப்பிடலாம். குழந்தைகளுக்கான 1098-ம் இருக்கிறது. பதினாறு வயதுப் பிள்ளை தனியாகச் சுமக்கக் கூடிய பாரம் இல்லை இது.

அன்று மதியமே அந்தத் தோழியின் அம்மாவை வரவழைத்துப் பேசினோம். அவருக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். சொன்னதற்காகத் தோழி பத்து நாள் இவளோடு பேசவில்லை. பதினோராம் நாள் இடைவேளையில் இருவரும் ஒரே டிபன் பாக்ஸில் எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.